மாரிகாலத்துப் படலம்

என் தோழியின் தம்பிக்குக் கை எரிந்த செய்தி வந்தபோது நாங்கள் இரண்டு பேரும் கிளிநொச்சிக் கம்பஸ் ஆய்வுகூடத்தில் ஒரு பழைய வெற்றிட இயந்திரத்தின் முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தோம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று தனக்கு வேண்டாம் என்று கழித்து எங்களுக்கு அனுப்பிய இயந்திரம் அது. உள்ளே இருக்கும் காற்றை முழுக்க வெளியேற்ற அதற்கு அரை நாள் வேண்டும். அதுவரை கதைத்துக்கொண்டிருப்பதைத் தவிர எங்களுக்கு வேறு வேலையில்லை.

அவள் வவுனியாவில் இரசாயனவியல் படிப்பிக்கிறவள். சொந்த ஊர் முல்லைத்தீவு. கைக்குழந்தையாக இருந்த காலத்தில், வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது குடும்பத்தோடு போய்ப் புத்தளத்தில் வளர்ந்து, போர் முடிந்த பிறகு திரும்பி வந்தவள். நான் தர்மபுரத்தில் பிறந்தவள், கிளிநொச்சியில் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். என் தாத்தா காலத்தில் எங்கள் குடும்பம் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்தது. வீட்டில் மலையகத் தமிழ், பள்ளிக்கூடத்தில் வன்னித் தமிழ் என்று வளர்ந்ததால் என் பேச்சில் இரண்டும் கலந்திருக்கும். அவள் பேச்சில் புத்தளம் எட்டிப் பார்க்கும். ஒரு கூட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தபோது, "நீர் எந்த இடம் எண்டு கண்டுபிடிக்க ஏலாம இருக்கு" என்று அவள் சொன்னதிலிருந்துதான் எங்கள் பழக்கம் தொடங்கியது.

அன்று அவளுடைய போன் அடித்தது. தம்பிதான் பேசினான்.

"ராத்தா, பயப்பிடாதேங்கோ. கை கொஞ்சம் எரிஞ்சு போச்சு. ஆஸ்பத்திரியிலதான் நிக்கிறன்."

கொஞ்சம் என்று அவன் சொன்ன விதத்திலேயே கொஞ்சமில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இயந்திரத்தை நிறுத்திவிட்டு என் காரில் புறப்பட்டோம். விசுவமடு, புதுக்குடியிருப்பு, வட்டுவாகல் பாலம் எல்லாம் கடந்து முல்லைத்தீவு போய்ச் சேர்ந்தோம்.

அவனுக்கு நகரத்தில் போன் திருத்துகிற கடை. அன்று காலை யாரோ ஒரு போன் கொண்டுவந்திருக்கிறார்கள், பற்றரி வீங்கி பின்மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றிருக்கிறது. அதைக் கத்தி முனையால் கிளப்பும்போது உள்ளே எங்கோ கீறுபட்டு, முதலில் சீறல் சத்தம், பிறகு வெள்ளைப் புகை, பிறகு நெருப்பு. வலது கை முழுக்கக் கட்டுப் போட்டிருந்தார்கள்.

"விட்டிட்டு ஓடியிருக்கலாம்தானே?" என்று அவள் கேட்டாள்.

"மேசை முழுக்க ஆக்களின்ர போன் கிடந்தது, ராத்தா. அதான் கையால தூக்கி ரோட்டில எறிஞ்சனான்."

அவள் அவனைத் திட்டவில்லை. அவனுடைய மற்றக் கையைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் இருந்தாள்.

திரும்பி வரும்போது புதுக்குடியிருப்பு தாண்டியதும் கேட்டாள்.

"எங்கட சாமான் எரியாதுதானே?"

எங்கட சாமான் என்று அவள் சொன்னது, நாங்கள் அந்தப் பழைய இயந்திரத்தில் செய்யப் பார்த்துக்கொண்டிருந்த படலத்தை. போன் பற்றரிக்குள் இரண்டு மின்வாய்கள் இருக்கும். அவற்றுக்கு நடுவில் இலிதியம் அயன்கள் போய்வர ஒரு திரவம் இருக்கும். எளிதில் தீப்பற்றுவது அந்தத் திரவம்தான். அதற்குப் பதிலாக ஒரு திண்மப் பொருளை வைத்தால் என்ன என்பது உலகத்தில் பல பேர் கேட்கிற கேள்வி. அப்படி ஒரு பொருள்தான் நான் வெளிநாட்டில் கலாநிதிப் பட்டத்துக்காகப் படித்தது. இலிதியம் பொசுபேற்றை நைதரசன் வாயுவில் அணு அணுவாகச் சிதறடித்து ஒரு கண்ணாடித் துண்டின்மேல் படிய விட்டால், ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு தடிப்பில் கண்ணாடி போன்ற ஒரு படலம் வரும். அது இலிதியம் அயன்களை விடும், இலத்திரன்களை விடாது. எரியாது. ஒரே குறை, அயன்கள் அதற்குள் மிக மெதுவாகத்தான் நகரும். அதனால்தான் அதை அவ்வளவு மெல்லியதாகச் செய்யவேண்டியிருக்கிறது. போகவேண்டிய தூரம் குறைந்தால் மெதுவாகப் போனாலும் பரவாயில்லை.

"எரியாது," என்றேன். "ஆனா போனுக்கு உதவாது. ஒரு கைமணிக்கூடு ஓடுற அளவுக்குத்தான் இப்ப அதில மின்னைச் சேமிக்கலாம்."

"வேகமா கடத்தினா?"

"வேகமா கடத்தினா தடிப்பாச் செய்யலாம். தடிப்பாச் செய்தா பெரிய பற்றரி செய்யலாம்."

அவள் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் வேலை செய்த விதமே மாறிப்போனது.

அதுவரை இதெல்லாம் எங்களுக்கு ஒரு நல்ல பொழுதுபோக்கு மாதிரித்தான் இருந்தது. இப்போது ஒவ்வொரு கிழமையும் வந்தாள். படலம் செய்ய இலிதியம் பொசுபேற்றில் ஒரு வட்டத் தகடு வேண்டும். வெளிநாட்டிலிருந்து வாங்க வழியில்லை. அவளே வவுனியாவில் தூளை அழுத்தி, உலையில் சுட்டு, சப்பாத்துப் பெட்டிகளுக்குள் ஈரம் பிடிக்க வைத்திருக்கும் சின்னப் பைகளை ஊரெல்லாம் கேட்டுச் சேர்த்து, அவற்றோடு ஒரு சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்து பஸ்ஸில் கொண்டுவருவாள். அரைவாசித் தகடுகள் வெடித்தே வந்தன. மின்வாய்களுக்குத் தங்கம் வேண்டும் என்று நான் கிளிநொச்சிக் கடைத்தெருவில் நகைக்கடைக்குப் போய், இருக்கிறதிலேயே சின்னத் துண்டு தங்கக் கம்பி தரச் சொன்னேன். கடைக்காரர், "தோட்டுக்கோ, மூக்குத்திக்கோ?" என்று கேட்டார். கண்ணாடியில் பூசுவதற்கு என்றேன். ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்தாரோ என்னவோ, மேலே எதுவும் கேட்காமல் பக்குவமாகச் சுற்றித் தந்தார்.

மாரி தொடங்கியது. கம்பஸுக்கு வரும் வழியெல்லாம் வயல்கள் வெள்ளமாகக் கிடந்தன. அந்த நாட்களில்தான் எங்களுக்கு முதன்முதலாக ஒழுங்கான படலம் கிடைத்தது. இயந்திரத்தைத் திறந்து, கண்ணாடித் துண்டை இடுக்கியால் தூக்கி, அறையின் அடுத்த மூலையில் இருந்த அளக்கும் கருவிக்குக் கொண்டுபோனோம். அயன்கள் நகர்வதை அளந்தால் கணினித் திரையில் ஒரு அரைவட்டம் வரும். வட்டம் சின்னதென்றால் தடை குறைவு, கடத்துதிறன் கூட. எங்களுடைய வட்டம் நான் எதிர்பார்த்ததைவிட மிகச் சின்னதாக இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். உலகத்துக்குத் தெரிந்த அளவைவிட ஏறக்குறைய நூறு மடங்கு கூட.

திரும்பவும் கணக்குப் போட்டேன். அதே விடைதான்.

"பிழை விட்டிருப்பன். நீர் போட்டுப் பாரும்," என்றேன்.

அவள் தனியாகப் போட்டாள். அதே விடை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். பிறகு அவள் சிரிக்கத் தொடங்கினாள். நானும் சிரித்தேன். அடுத்து ஒரு படலம், அதற்கடுத்து இன்னொன்று. எல்லாமே அப்படித்தான் வந்தன. எங்கள் தகடு வீட்டுப் பக்குவத்தில் செய்தது, அதில் ஏதோ கலந்திருக்கவேண்டும், அது நல்லதாகப் போய்விட்டது என்று நான் எனக்குள் காரணம் கட்டிக்கொண்டேன். கொழும்பில் நடக்கவிருந்த ஒரு மாநாட்டுக்குச் சுருக்கம் எழுதி அனுப்பினோம். அவர்கள் உடனே ஏற்றுக்கொண்டார்கள். அவள் தம்பிக்குப் போன் எடுத்து, "எரியாத பற்றரிக்கு வழி கண்டிட்டம்" என்று சொன்னதை நான் பக்கத்திலிருந்து கேட்டேன். அவளைத் தடுக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மாநாட்டில் காட்ட இன்னும் ஒரு வரைபு தேவைப்பட்டது. இந்த மாதிரிப் பொருளைச் சூடாக்கினால் அயன்கள் இன்னும் வேகமாக ஓடும், கடத்துதிறன் ஏறும். எவ்வளவு சூட்டுக்கு எவ்வளவு ஏறுகிறது என்று காட்டுவது வழக்கம். நாங்களும் கண்ணாடித் துண்டைச் சூடாக்கும் தட்டில் வைத்து, கம்பிகளைப் பொருத்தி, வெப்பநிலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினோம்.

ஏறவில்லை. இறங்கியது.

"கம்பி கழண்டிருக்கும்," என்றாள்.

கம்பிகளைப் புதிதாகப் பொருத்தி மறுபடி தொடங்கினோம். அப்போதும் இறங்கியது. வேறொரு படலத்தை எடுத்தோம். அதுவும் இறங்கியது. சூடு கூடக்கூட திரையில் வட்டம் பெருத்துக்கொண்டே போனது. அடுப்பில் வைத்த சோறு வேகாமல் திரும்ப அரிசியாகிறதைப் பார்ப்பதுபோல எனக்கு இருந்தது. ஒரு நல்ல விளக்கம் கிடைக்கும் என்று மனம் தேடிக்கொண்டே இருந்தது. அவள் எழுந்து விறாந்தைக்குப் போனாள். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு உள்ளே வந்தாள்.

"தண்ணி," என்றாள்.

"என்ன தண்ணி?"

"எங்கட படலம் தண்ணியைக் குடிச்சிருக்கு. நாங்கள் அளந்தது இலிதியம் ஓடினதை இல்லை. ஈரத்தில ஓடினதைத்தான். சூடாக்க ஈரம் போகுது, அதான் இறங்குது."

அவள் சொன்னவுடனேயே சரி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் நம்பாதது மாதிரி, சூடாக்கிய அதே படலத்தை இரவு முழுக்க வெளியே விட்டு மறுநாள் காலை அளந்தோம். பழைய பெரிய அளவு அப்படியே திரும்பி வந்திருந்தது. இரவு முழுக்க மழைக்காற்றைக் குடித்திருக்கிறது.

இதை ஏன் முன்பே யோசிக்கவில்லை என்று பிறகு பலநாள் நினைத்திருக்கிறேன். நான் படித்த குளிர்நாட்டு ஆய்வுகூடத்தில் படலம் ஒருபோதும் வெளிக்காற்றைக் கண்டதில்லை. இயந்திரத்திலிருந்து அது நேரே ஆகன் வாயு நிரப்பிய கண்ணாடிப் பெட்டிக்குள் போகும். பெட்டியின் பக்கத்தில் பொருத்தியிருக்கும் றப்பர் கையுறைகளுக்குள் கைகளை விட்டுத்தான் எல்லா வேலையும் செய்வோம். ஈரத்தில் வைக்கக்கூடாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஈரம் என்ன செய்யும் என்று தெரியாது, தெரிந்துகொள்ளவேண்டிய தேவை அங்கே வந்ததில்லை. இங்கே இயந்திரத்திலிருந்து கருவிவரை நாலு எட்டுத்தான். அந்த நாலு எட்டும் கார்த்திகை மாதத்துக் காற்றுக்குள்ளால் என்பதை நான் ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை.

மாநாட்டைப் பற்றிப் பேசும்போது எங்களுக்குள் கொஞ்சம் முறுகியது.

"போய்ச் சொல்லுவம். ஈரப்பதன் எவ்வளவு எண்டும் சேர்த்துச் சொல்லுவம். பொய் இல்லைத்தானே?" என்றாள்.

"தலைப்பில இலிதியம் கடத்துது எண்டெல்லோ போட்டிருக்கிறம். அது இலிதியம் இல்லை."

"எங்களுக்கு இன்னொருக்கா இடம் தருவினமோ?"

"தெரியாது."

அவள் கோபமாகப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அன்று முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. அவள் கேட்டது நியாயமில்லாத கேள்வி இல்லை. எங்களைப் போன்ற இடங்களிலிருந்து போகிறவர்களுக்கு ஒரு கதவு திறப்பதே பெரிய காரியம். அதை நாங்களாகவே சாத்துவதென்றால் யாருக்கும் கை வராது. அடுத்த நாள் காலை அவளே எனக்குப் போன் எடுத்தாள். "நான் அவைக்கு எழுதிப்போட்டன். சுருக்கத்தைத் திருப்பி எடுக்கிறம் எண்டு," என்றாள். பிறகு, "தம்பிக்கும் சொல்லவேணும். நீரும் வாரும். தனியச் சொல்ல ஏலாது," என்றாள்.

அவன் அப்போது கடைக்குத் திரும்பியிருந்தான். கட்டு அவிழ்த்திருந்தார்கள். கையின் தோல் இளஞ்சிவப்பாகப் பளபளத்தது. விரல்கள் முழுதாக மடங்கவில்லை. எங்களைக் கண்டதும் பக்கத்துக் கடையில் பிளேன்ரீ சொல்லிவிட்டு, முன்னால் நின்ற ஒருவருக்கு எங்களைக் காட்டி, "இவைதான் எரியாத பற்றரி கண்டுபிடிச்ச ஆக்கள்," என்றான். அந்த மனிதர் எங்களைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தார். அவர் போகும்வரை நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு நின்றோம்.

பிறகு அவள் சொன்னாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள். படலத்தில் ஈரம் ஏறியிருந்தது, அளவு பிழை, மாநாட்டுக்குப் போகவில்லை.

"அப்ப இல்லையா?"

"இப்போதைக்கு இல்லை."

அவன் மேசையில் கிடந்த ஒரு போனை எடுத்து மறுபடி வைத்தான்.

"நான் எல்லாருக்கும் சொல்லிப்போட்டன், ராத்தா. சரியாப் பாத்துப்போட்டு எனக்குச் சொல்லியிருக்கலாம்."

அவளுடைய கண் நிறைந்ததைப் பார்த்து அவன்தான் பதறிப்போனான். "சரி சரி, விடுங்கோ," என்றான். பிறகு என் பக்கம் திரும்பி, "அக்கா, அந்தச் சாமானை நான் ஒருக்காப் பாக்கலாமோ?" என்று கேட்டான்.

ஒரு துண்டு என் பையில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். இடது கையில் வாங்கி இப்படியும் அப்படியும் பார்த்தான்.

"எங்க? ஒண்டுமில்லையே. வெறும் கண்ணாடி."

"வெளிச்சத்தில சரிச்சுப் பாரும்."

வாசலுக்குக் கொண்டுபோய்ச் சரித்தான். தண்ணீரில் எண்ணெய் பட்டதுபோல பச்சையும் ரோசாவும் மெல்லிசாக ஓடியதைக் கண்டு புருவத்தை உயர்த்தினான். "இவ்வளவுக்குள்ளால போகுதா?" என்றான். அது போகிறது என்றுதான் சொன்னேன், மெதுவாகப் போகிறது.

பிளேன்ரீ குடித்து முடித்தபிறகு, தான் இப்போது வீங்கிய பற்றரிகளைக் கத்தியால் கிளப்புவதில்லை, மீன்பிடிக்கிற தங்கூசி நூலைக் கீழால் விட்டு அறுத்து எடுப்பதாகச் சொன்னான். சொல்லிக்கொண்டே அப்படி ஒன்றை எடுத்துக் காட்டினான். மடங்காத விரல்களோடு அவன் அதை இழுக்கிறதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவள் பார்க்கவேயில்லை.

அதன்பிறகு நாங்கள் முறையாகச் செய்யத் தொடங்கினோம். படலத்தை வெளியே எடுக்காமல், இயந்திரத்துக்குள்ளேயே கம்பிகளைக் கொண்டுபோய், வெற்றிடத்திலேயே சூடாக்கி ஈரத்தைப் போக்கி, அங்கேயே அளந்தோம். இந்த ஏற்பாட்டைச் செய்து முடிக்கவே மாரி முழுக்கப் போய்விட்டது. நடுவில் கரண்ட் போய் இரண்டு தரம் எல்லாம் பழுதாகியது. கடைசியில் ஒரு நாள் திரையில் வட்டம் வந்தது. பெரிய வட்டம். கணக்குப் போட்டேன். நான் குளிர்நாட்டில் பல தடவை கண்ட அதே சின்ன அளவு, உலகத்துக்கு எப்போதோ தெரிந்த அளவு. சூடாக்கினோம். ஏறியது. ஒழுங்காக, படிப்படியாக ஏறியது.

இதில் புதிது ஒன்றுமேயில்லை. ஆனால் எனக்கு உடம்பு சிலிர்த்தது. எத்தனையோ பேர் எத்தனையோ நல்ல ஆய்வுகூடங்களில் அளந்த அதே எண்ணை, பஸ்ஸில் வந்த ஒரு தகடும் யாரோ கழித்துவிட்ட ஒரு இயந்திரமும் கிளிநொச்சியில் எங்களுக்குத் தந்திருக்கின்றன. நூறு மடங்கு வந்த நாளில் இருந்த சந்தோசத்துக்கு அடியில் எங்கோ ஒரு பயமும் இருந்தது என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது. இந்தச் சந்தோசத்தில் பயமில்லை. அவளிடம் அதைச் சொன்னேன். "எனக்கு அந்தச் சந்தோசம்தான் பெரிசா இருந்தது," என்று அவள் ஒளிக்காமல் சொன்னாள்.

ஈரத்தைப் பற்றியே எழுதலாம் என்பது அவளுடைய யோசனை. இந்தப் படலத்தை வெளிக்காற்றில் விட்டால் என்னென்ன நடக்கும் என்று ஒழுங்காகப் பார்த்தவர்கள் அதிகமில்லை. எங்களிடம் வேண்டியமட்டும் காற்று இருந்தது. வருசம் முழுக்கப் பார்த்தோம். மாரியில் குடித்த ஈரத்தை, கச்சான் காற்று அனலாக வீசும் மாதங்களில் அது அரைவாசி கக்கிவிடும். முழுதாகப் பழைய நிலைக்கு வராது. ஒவ்வொரு முறையும் ஏதோ கொஞ்சம் உள்ளே நிரந்தரமாக மாறிப்போகிறது. ஒரு துண்டைத் தம்பியின் கடையில் திறந்த பெட்டிக்குள் வைக்கக் கொடுத்தோம். கடற்காற்றில் அது எங்களுடையதைவிடச் சீக்கிரம் பழுதாகி மங்கிப்போனது. வாடிக்கையாளர்கள் கேட்டால் அவன், "அந்தப் பற்றரி இன்னும் காயேல்லை" என்று சொல்லுவானாம். அவள் இதை எனக்குச் சொல்லிச் சிரித்தாள். அவன் அவளை மன்னித்துவிட்டான் என்று எனக்கு அப்போதுதான் உறுதியானது.

கட்டுரையை முதலில் அனுப்பிய சஞ்சிகை திருப்பி அனுப்பிவிட்டது. இப்படி ஈரமான இடத்தில் யாரும் இந்த வேலையைச் செய்யமாட்டார்களே, இதனால் யாருக்கு என்ன பயன் என்று ஒரு மதிப்பீட்டாளர் கேட்டிருந்தார். அதை வாசித்த அன்று இரண்டு பேரும் நிறையக் கோபப்பட்டோம். பிறகு சிறிய சஞ்சிகை ஒன்று ஏற்று வெளியிட்டது. தூர தேசத்தில், எங்களைப்போலவே மழையும் கரண்ட் பிரச்சினையும் உள்ள ஒரு இடத்திலிருந்து ஒரு மாணவி அதை வாசித்துவிட்டு எங்களுக்கு எழுதியிருந்தாள். அவளுடைய படலமும் சூடாக்கும்போது இறங்குகிறதாம், ஏன் என்று தெரியாமல் மாதக்கணக்காக அழுதுகொண்டிருந்தாளாம்.

இப்போது படலத்தின்மேல் ஈரம் புகாதபடி இன்னொரு மெல்லிய மூடலைப் படியவிடப் பார்க்கிறோம். முதலில் செய்தவை வெங்காயத் தோல்போல உரிந்து வந்தன. இந்த மாரியில் ஒன்று ஒட்டிக்கொண்டு நின்றது. அதை விறாந்தையில் மழைக்காற்றில் விட்டுவிட்டு, அடுத்த கிழமை அவள் வந்த அன்று எடுத்து அளந்தோம்.

"ஈரம் கொஞ்சம்தான் ஏறியிருக்கு," என்றாள்.

"கொஞ்சமெண்டாலும் ஏறியிருக்கு," என்றேன்.

"ஓம்," என்றாள், "மூடல் ஓரத்தாலதான் வந்திருக்கும். அடுத்ததில ஓரத்தை இன்னும் கொஞ்சம் அகலமா விடுவம்." வெளியே மழை விட்டிருந்தது. அளந்து முடித்த துண்டை எடுத்துவிட்டு, நான் அடுத்த கண்ணாடித் துண்டைக் கழுவத் தொடங்கினேன்.